நாலாவது கட்டை

இது நடந்தது. கதை அல்ல. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

நான் மருந்துக் கடையில் வேலை செய்பவள். தலைவலிக்கு மாத்திரை இருக்கிறது, தூக்கம் வராததற்கு மாத்திரை இருக்கிறது, பேய்க்கு இல்லை; ஆகவே பேய் இல்லை என்று வாய்கிழியப் பேசிக்கொண்டு திரிந்தவள். இப்போது அப்படிப் பேசுவதில்லை.

நடந்தது என் அத்தானுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு. அவர் என்னிடம் நாலு தடவை சொல்லிவிட்டார். நாலு தடவையும் ஒரு நிமிடம்கூட முன்பின்னாக மாறவில்லை. புளுகுகிறவர்களுக்கு இரண்டாவது தடவையே நேரம் மாறிவிடும். தவிர, அவர் சந்தேகப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நடுராத்திரி, நாய் ஊளை, அணைந்துபோன விளக்கு, இதெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். எல்லாம் பட்டப்பகலில் நடந்தது. சரியாகச் சொன்னால் மத்தியானம் மூன்று மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு.

அத்தான் பதினோரு வருடமாக விளம்பரங்களுக்கு இசை போடுபவர். சோப்பு, பற்பசை, சுவர் பெயின்ட். அவருடைய இசையை முப்பது நொடிக்கு மேல் யாரும் கேட்டதில்லை. அப்படிப்பட்டவர் வீட்டுக் கதவை ஒரு சினிமா தட்டியது. கிளைமாக்ஸுக்கு இரண்டு நிமிட மாதிரி இசை வேண்டும், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வேண்டும், பிடித்துவிட்டால் முழுப்படமும் உங்களுக்கு என்றார் டைரக்டர். அன்றைக்கு அத்தான் சோற்றில் தண்ணீரையும் தம்ளரில் குழம்பையும் ஊற்றிக்கொண்டார்.

அதே சமயம் அக்காவுக்கு எட்டாம் மாதம். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து வந்த பிள்ளை. அக்காவுக்கு ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "படுக்கையிலதான் இருக்கணும். எழுந்து நடக்கறதா இருந்தா யாராவது கூட இருக்கணும். ஒரு நிமிஷம் தனியா விடாதீங்க."

துணைக்காக நானும் அவர்கள் வீட்டிலேயே தங்கியிருந்தேன், ஆனால் பகலில் நான் கடையில். ஆக, வீட்டில் அவர்கள் இரண்டே பேர். படுக்கையறையில் அக்கா. சுவருக்கு அந்தப் பக்கம் அத்தானின் வேலை அறை. பக்கத்து மனையில் புதுக் கட்டடம் கட்டுகிறார்கள். துளை போடும் மெஷின் காலையிலிருந்து மாலைவரை பல்லைக் கூச வைக்கும். அதனால் அத்தான் கதவைச் சாத்தி, காது இரண்டையும் மூடுகிற பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டுதான் வேலை செய்வார்.

எனக்கு அப்போதே மனசு கேட்கவில்லை.

"அத்தான், அக்கா கூப்பிட்டா உங்களுக்கு எப்படிக் கேக்கும்?"

"பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பாப்பேன். நான் என்ன செவிடா?"

"அதை மாட்டினா செவிடுதானே?"

அக்கா சிரித்தாள். அவரும் சிரித்தார். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை என்று என் தலையில் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தார். நானும் நம்பிப் போனேன்.

இப்போது அந்தக் கீபோர்டு. அத்தானின் பழைய கீபோர்டு நேரம் பார்த்துப் பழுதானது. சனிக்கிழமை அவசர அவசரமாகப் பழைய கருவிகள் விற்கும் கடையில் ஒன்று வாங்கிவந்தார். நாற்பத்தொன்பது கட்டைகள். இந்த வகைக்குச் சொந்தக் குரல் கிடையாது. கணினியோடு வயர் போட்டு இணைத்தால்தான் சத்தம். இல்லாவிட்டால் நாள் முழுக்க அழுத்தினாலும் டக், டக் என்று பிளாஸ்டிக் சத்தம் மட்டும்தான் வரும்.

அதில் ஒரே ஒரு கறுப்புக் கட்டையின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக் கிழித்த பசை இருந்தது. நான்தான் நகத்தால் சுரண்டினேன். சுரண்டும்போது கட்டையை அழுத்திவிட்டேன். விரலை எடுத்தேன். கட்டை உடனே மேலே வரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுகிற நேரம் கழித்துத்தான் வந்தது. பசை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன்.

அத்தானின் வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவருடைய இசை மென்பொருளில் ஆர்பெஜியேட்டர் என்று ஒன்று இருக்கிறது. மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்திப் பிடித்தால், அது அந்த மூன்று சுரங்களையும் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாக, நீங்கள் விரலை எடுக்கும்வரை சலிக்காமல் வாசித்துக்கொண்டே இருக்கும். அதையே வயலின்களுக்கு வேகமாகவும், செல்லோக்களுக்கு நிதானமாகவும், புல்லாங்குழலுக்கு விட்டுவிட்டும் கொடுத்தால், நாற்பது பேர் கொண்ட இசைக்குழு உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருக்கும். அத்தான் மூன்று விரலை வைத்துக்கொண்டு நாற்பது பேரை மேய்ப்பார்.

அதற்கு ஒரே ஒரு சட்டம்தான். கொடுத்ததைத்தான் வாசிக்கும். மூன்று சுரம் கொடுத்தால் மூன்று. தலைகீழாக நின்றாலும் நாலாவது வராது. இன்னொன்று, அத்தான் அதை எப்போதும் அழுத்திய வரிசையில் வாசிக்கும்படி வைத்திருப்பார். எந்தக் கட்டை முதலில் அழுத்தப்பட்டதோ அதுதான் முதலில் ஒலிக்கும்.

செவ்வாய்க்கிழமை. அத்தான் மூன்று வெள்ளைக் கட்டைகளை அழுத்திப் பிடித்தார். வயலின்கள் ஓட ஆரம்பித்தன.

தன்-தின்-தொன்... தன்-தின்-தொன்... தன்-தின்-தொன்...

நன்றாக இருந்தது. விரலை எடுத்து, மறுபடி அதே மூன்றையும் அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டார்.

நங்-தன்-தின்-தொன்... நங்-தன்-தின்-தொன்...

கண்ணைத் திறந்தார். நாலு சுரம். விரலைப் பார்த்தார். மூன்றே விரல்தான். மூன்றும் வெள்ளைக் கட்டையில். வந்ததோ பசை இருந்த அந்தக் கறுப்புக் கட்டையின் சுரம், எஃப் ஷார்ப். கல்யாண வீட்டில் யாரோ அழுவதுபோல் ஒட்டாமல் நின்றது. திரையின் மூலையில் மணி மூன்று பன்னிரண்டு.

பதிவாகியிருந்ததைத் திறந்து பார்த்தார். எந்தக் கட்டை, எத்தனை பலத்தில் அழுத்தப்பட்டது என்று மென்பொருள் எண் போட்டு வைக்கும். அதிகபட்சம் நூற்றிருபத்தேழு. அவருடைய மூன்றும் எண்பதை ஒட்டி இருந்தன. அந்த நாலாவது ஒன்பது. ஒரு ஈ உட்கார்ந்தால்கூடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்றார்.

சரி, ஏதோ கோளாறு. அழித்தார். மறுபடி வாசித்தார். வரவில்லை.

ஆனால் ஒரு விஷயம் அவர் மண்டையைக் குடைந்தது. அந்தச் சுரம் நாலாவதாக வரவில்லை. முதலாவதாக வந்தது. அப்படியென்றால் அவர் விரல் வைப்பதற்கு முன்பே யாரோ அந்தக் கட்டையை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும்.

மாலை நான் கடையிலிருந்து வந்ததும் முதல் விசாரணை எனக்குத்தான்.

"நீ இந்தக் கீபோர்டை என்ன பண்ணின?"

"பசையைச் சுரண்டினேன். அதுக்கென்ன?"

"வேற எதையும் தொடலையே?"

"தொட்டா ஒட்டிக்குமா? என்ன அத்தான், திருடனைப் பாக்கற மாதிரி பாக்கறீங்க?"

அறைக் கதவின் சாவியை அன்றிலிருந்து சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

புதன்கிழமை காலை மென்பொருளை அழித்துப் புதிதாக ஏற்றினார். வயரை மாற்றினார். நாற்பத்தொன்பது கட்டைகளையும் ஒன்றொன்றாக அழுத்திப் பார்த்தார். எல்லாம் ஒழுங்கு. அப்போதுதான் பழைய கூட்டாளி ஞாபகத்துக்கு வந்தார். இரண்டு பேரும் சேர்ந்து தொழில் செய்து, நாலு வருடத்துக்கு முன் முகத்தில் விழிக்காமல் பிரிந்தவர்கள். கடவுச்சொல் அவருக்கும் தெரியும்.

"டேய், என் ஃபைல்ல கை வெச்சியா?"

"நாலு வருஷம் கழிச்சு இதுக்கா கூப்பிட்ட? எனக்கு வேற வேலை இல்லைன்னு நெனச்சியா?"

"உண்மையைச் சொல்லு."

"வெச்சிட்டுப் போடா."

மடியில் கனம் இருப்பவன்தான் இப்படிக் கத்துவான் என்று அத்தான் முடிவுகட்டினார். கடவுச்சொல்லை மாற்றினார். இணையத்தையே துண்டித்தார். இனி எவனும் உள்ளே வர முடியாது.

மணி மூன்று பத்து. விரலை வைக்கவில்லை. கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று பதினொன்று.

மூன்று பன்னிரண்டு. ஒன்றும் நடக்கவில்லை. அவருக்கே சிரிப்பு வந்தது. மூன்று விரலையும் கொண்டுபோனார். கொண்டுபோன கை பாதியில் நின்றது.

அந்தக் கறுப்புக் கட்டை மட்டும் மற்றவற்றைவிடக் கீழே இருந்தது.

நங்... நங்... நங்... நங்...

அவர் இன்னும் எதையும் தொடவில்லை. வயலின்கள் அந்த ஒற்றைச் சுரத்தையே திரும்பத் திரும்ப வாசித்தன. பிறகு கட்டை மெதுவாக மேலே எழும்பியது. சத்தம் நின்றது. திரையில் எண் பார்த்தார். ஐம்பத்தெட்டு.

குனிந்து பார்த்தபோது கட்டையின் நுனியில் வெள்ளையாக ஏதோ இருந்தது. தொட்டு முகர்ந்தார். பவுடர்.

வீட்டில் பவுடர் போடுகிறவள் அக்கா ஒருத்திதான்.

பயப்பட வேண்டிய மனுஷன், பாருங்கள், சந்தேகப்பட்டார். பயத்தைவிடச் சந்தேகம் வசதியானது. நேராகப் படுக்கையறைக்குப் போனார்.

"என் ரூமுக்கு வந்தியா?"

அக்கா விழித்தாள். "நான் எங்கேங்க வர்றது? பாத்ரூமுக்கே உங்களைத்தானே கூப்பிடறேன்."

"கீபோர்டுல பவுடர் இருக்கு."

"அதனால?"

"நான் இந்தப் படம் பண்றது உனக்குப் பிடிக்கலைன்னா நேரா சொல்லிடு. இப்படி மறைஞ்சு மறைஞ்சு வேண்டாம்."

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "கதவைத் திறந்து வெச்சிக்கிட்டு வேலை செய்யுங்கன்னு சொன்னேன். வேலையே வேண்டாம்னு எப்பங்க சொன்னேன்?"

மாலை நான் வந்தபோது வீடு இழவு வீடு மாதிரி இருந்தது. அத்தான் என்னை இழுத்துக்கொண்டுபோய்க் கட்டையைக் காட்டினார். நான் முகர்ந்தேன். தினமும் விற்கிற சரக்கு எனக்குத் தெரியாதா?

"அத்தான், இது அக்கா போடற பவுடர் இல்லை. இது படுக்கைப் புண்ணுக்குப் போடறது. வருஷக்கணக்கா படுத்தே கிடக்கறவங்களுக்கு வாங்கிட்டுப் போவாங்க."

"இந்த வீட்டுல அது எப்படி வரும்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அக்காவும் தங்கச்சியும் நல்லா சேர்ந்துக்கிட்டீங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு நாள் அந்தப் பக்கமே வரக்கூடாது என்று நினைத்தேன். அக்கா முகத்தைப் பார்த்துத்தான் பேசாமல் இருந்தேன். அப்போதும் எனக்குப் பேய் ஞாபகமே வரவில்லை. வேலைப்பளுவில் அத்தானுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நான் எட்டரைக்குக் கிளம்பும்போது அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தண்ணீர் ஜாடியை நிரப்பி வைத்தேனா என்று இன்றுவரை யோசிக்கிறேன். வைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அத்தான் கீபோர்டின் வயரைக் கழற்றினார். அதைச் சுருட்டி மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். கீபோர்டைத் தூக்கி அலமாரி உச்சியில் வைத்தார். இனிச் சுரங்களைத் திரையில் மவுஸால் குறித்துக்கொள்ளலாம். வேலை ஆமை வேகத்தில் போகும், போகட்டும். அதோடும் விடவில்லை. மென்பொருளில் எந்தச் சுரத்தையும் வாயடைத்து வைக்க வழி இருக்கிறது. அந்த எஃப் ஷார்ப்பை மட்டும் வாயடைத்தார்.

இனி எவன் எப்படி அழுத்தினாலும் அவருக்குக் கேட்காது. நிம்மதியாக ஹெட்போனை மாட்டினார்.

பத்து நிமிடம் என்பது இருபதானது. இருபது நாற்பதானது. கடைசியாக எட்டிப் பார்த்தது இரண்டு இருபதுக்கு. அக்கா தூங்குகிற மாதிரி இருந்தாள். தூங்கவில்லை, பேசப் பிடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அது அவருக்கும் தெரியும். கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டார்.

மூன்று மணிக்குள் ஒன்றரை நிமிட இசை தயார். வயலின், செல்லோ, புல்லாங்குழல், பின்னால் டிரம்பெட். முதலிலிருந்து ஓட விட்டார்.

தன்-தின்-தொன்... தன்-தின்-தொன்...

அவரே சொன்னார், பதினோரு வருடத்தில் தான் செய்ததிலேயே அதுதான் நல்ல இசையாம். கண் கலங்கிவிட்டதாம்.

மூன்று பன்னிரண்டு.

நங்.

அத்தான் அசையவில்லை.

நங்... நங்... நங்...

திரையில் மூன்று சுரங்கள்தான் இருந்தன. வெள்ளைக் கட்டைச் சுரங்கள். ஆனால் காதில் அவை ஒன்றுகூட இல்லை. வயலின்கள் அந்த ஒன்றையே வாசித்தன. செல்லோக்கள் அதையே வாசித்தன. புல்லாங்குழல் அதையே ஊதியது.

நாற்பது பேரும் ஒரே சுரம்.

நிறுத்து பொத்தானை அழுத்தினார். நிற்கவில்லை. ஒலியைக் குறைத்தார். குறையவில்லை. வாயடைத்த சுரத்தைத் தேடினார். அது வாயடைத்தபடிதான் இருந்தது. அதன் பக்கத்தில் எண் ஏறிக்கொண்டே போனது.

அறுபது. தொண்ணூறு. நூற்றிப் பத்து.

நூற்றிருபத்தேழு.

மென்பொருளை மூடினார். கேட்டது.

கணினியை அணைத்தார். திரை இருண்டது.

கேட்டது.

ஹெட்போன் வயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

நங்-நங்-நங்-நங்-நங்...

ஹெட்போனைக் கழற்றி வீசினார்.

அமைதி.

வெளியே துளை மெஷின்கூட நின்றிருந்தது.

அப்போது... தலைக்கு மேலே...

டக்.

டக்.

டக்.

அலமாரி உச்சி. வயர் இல்லாத கீபோர்டு. பிளாஸ்டிக் சத்தம்.

டக்... டக்... டக்...

அத்தான் கதவைத் திறந்துகொண்டு ஓடினார். எதற்கு ஓடினேன் என்று அவருக்கே தெரியவில்லை. அக்காவைத் திட்டவா, அக்காவிடம் ஒளிந்துகொள்ளவா?

கட்டில் காலியாக இருந்தது. போன் தலையணைமேல் கிடந்தது. ஜாடி இல்லை.

அக்கா சமையலறை வாசலில் கிடந்தாள். பக்கத்தில் உடைந்த ஜாடி. தண்ணீர். தண்ணீரில் சிவப்பு.

மணி மூன்று பத்தொன்பது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலு ஐந்து. அக்காவை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். அத்தானின் சட்டையெல்லாம் ரத்தம். டாக்டரம்மா வெளியே வந்து அவசரமாகக் கேட்டார்.

"எத்தனை மணிக்கு விழுந்தாங்க?"

"மூணு பன்னெண்டு" என்றார் அத்தான்.

"நீங்க பாத்தீங்களா?"

"இல்லை."

"அப்புறம் எப்படி அவ்வளவு சரியாச் சொல்றீங்க?"

டாக்டரம்மா அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு நர்ஸ் வந்தாள். அக்காவின் இடது மணிக்கட்டில் நீலமாக ஒரு தடம் இருக்கிறதாம், சின்னதாக, வட்டமாக. ஊசி போட்ட இடமில்லையாம்.

"யாரு அவங்க கையை அப்படி அழுத்திப் பிடிச்சது?"

கேட்டது எங்கள் இரண்டு பேரையும். பார்த்தது அத்தானை மட்டும்.

நானும் அவரைத்தான் பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நேற்று அந்தச் சண்டை, இன்று இந்த ரத்தம். என் மனசு எங்கெங்கோ போனது. மூன்று நாளாக எல்லோரையும் சந்தேகப்பட்ட மனுஷனை அந்த வராந்தாவில் ஒருத்தர் மிச்சமில்லாமல் சந்தேகப்பட்டோம். அவர் தலையைக் குனிந்துகொண்டு அழுதார்.

ஐந்து நாற்பதுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. ஒரு கிலோ எண்ணூறு கிராம் எடை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். பிழைத்துக்கொள்ளும் என்றார்கள்.

மறுநாள் காலை அக்காவுக்கு நினைவு வந்தது. முதலில் பிள்ளையைக் கேட்டாள். அடுத்து அத்தானைப் பார்த்தாள். கோபம் இல்லை.

"உங்களைக் கூப்பிட வேண்டாம்னுதான் நானே தண்ணி எடுக்கப் போனேன். தலையைச் சுத்திடுச்சு. ஆனா விழுந்த உடனே வந்துட்டீங்க."

அத்தான் என்னைப் பார்த்தார்.

"உடனேயா?" என்றேன் நான்.

"ஆமா. பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சிக்கிட்டாரே. கண்ணைத் திறக்க முடியலை. ஏதாவது பேசுங்கன்னு சொன்னேன். பேசவே இல்லை. அழுத்தி அழுத்தி... மணிக்கட்டையே அழுத்திக்கிட்டு இருந்தார்."

அத்தான் அக்காவின் இடது கையைத் திருப்பி அந்தத் தடத்தைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணி வந்தது, போனது. படம் வேறு யாருக்கோ போனது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒன்பதாவது நாள். பிள்ளை இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்தது. அக்கா வீட்டுக்கு வந்து படுத்திருந்தாள். அத்தான் கீபோர்டு வாங்கிய கடைக்குப் போய், அதை விற்றவரின் போன் எண்ணை வாங்கி வந்தார். வயதான மனுஷன், மனைவி இறந்தபிறகு விற்றுவிட்டார் என்று மட்டும் கடைக்காரர் சொன்னாராம். நானும் கேட்க வேண்டும் என்பதற்காக ஸ்பீக்கரில் போட்டார். இந்த முறை சாட்சி வேண்டும் அவருக்கு.

"ஐயா, உங்க கீபோர்டை நான்தான் வாங்கியிருக்கேன். அதுல ஒரு கறுப்புக் கட்டை... சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததே..."



"அது என் வீட்டுக்காரிக்காக ஒட்டினது தம்பி. ரெண்டு வருஷம் படுக்கை. கை கால் விழுந்துடுச்சு. பேச்சும் போச்சு. என்னைக் கூப்பிடணுமே, அதுக்காகத்தான் அதை வாங்கிக் கைக்குக் கீழே வெச்சோம். அந்தக் கட்டையை அழுத்தினா ஹால்ல ஸ்பீக்கர்ல கேக்கும். நான் ஓடுவேன்."

"அப்புறம்?"

"ராத்திரி பகல்னு பாக்காம கூப்பிடுவா. எனக்கும் வயசாச்சு இல்லையா... ஒரு நாள் மத்தியானம், ஒரு மணி நேரம் கண்ணயரலாம்னு ஸ்பீக்கரை வாயடைச்சுட்டேன். எழுந்து போய்ப் பாத்தப்போ..."

பெரியவர் மூக்கை உறிஞ்சிவிட்டு மேலே சொன்னார்.

"என் மகன் வெளியூர்லேர்ந்து பாக்கறதுக்காக, எப்ப எப்ப கூப்பிட்டான்னு கம்ப்யூட்டர்ல பதிவாகிக்கிட்டே இருக்கும். பாத்தேன் தம்பி. பாத்திருக்கக் கூடாது. மூணு பன்னெண்டுக்கு ஆரம்பிச்சிருக்கா. முதல்ல மெதுவா. போகப் போகப் பலமா. கடைசியா அழுத்தினதை எடுக்கவே இல்லை."

அத்தான் போனை என் பக்கம் நீட்டினார். போனை நான் வாங்கிப் பிடித்துக்கொண்டேன். நன்றி சொல்லிவிட்டு வைத்துவிடலாம் என்று பார்த்தால் பெரியவர் விடவில்லை.

"ஏன் தம்பி கேக்கறீங்க?" குரல் உடைந்திருந்தது. "கூப்பிட்டாளா?"

"ம்."

"யாராவது போனீங்களா?"

"போனேன் ஐயா. ஏழு நிமிஷம் தாமதமா போனேன்."

"போனீங்களே. அது போதும்" என்று அழ ஆரம்பித்தார் பெரியவர்.

அவர் அழுது ஓயும்வரை இருந்தோம். பிறகு அத்தான் கடைசியாக ஒன்று கேட்டார். அதை ஏன் கேட்டார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

"கட்டையை எந்த விரலால அழுத்துவாங்க?"

"வேற எந்த விரல் தம்பி? இடது கைச் சுண்டு விரல். உடம்புலயே அவளுக்கு அது ஒண்ணுதான் அசையும்."

போனை வைத்தோம். அத்தான் பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார். நான் அக்காவின் அறைக்குப் போனேன். நல்ல தூக்கத்தில் இருந்தாள். இடது கை போர்வைக்கு வெளியே கிடந்தது. மணிக்கட்டில் அந்தத் தடம் நீலம் மாறி மஞ்சளாகியிருந்தது, ஆனால் விளிம்பு இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

என் சுண்டு விரல் நுனியை அதன்மேல் வைத்துப் பார்த்தேன்.

சரியாகப் பொருந்தியது.